ரவிக்கைத் துணியோடு வந்தவர்கள்

சாலம்மாளுக்குத் தைக்கத் தெரியாது. ஊசியில் நூல் கோப்பாள், அறுந்த பொத்தானை எடுத்து வைத்துத் தைப்பாள், அவ்வளவுதான். ஆனாலும் கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், அவள் குடியிருந்த வீட்டு வாசலில் சில வருஷங்கள் 'சாலா டைலர்ஸ்' என்று ஒரு பலகை தொங்கியது. உள்ளே தையல் மிஷின்கூட இருந்தது. இன்றைக்கு அதே தெருவில் விளக்கெரியும் போர்டு வைத்து அழகு நிலையம் நடத்துகிறாள். கல்யாண மாதங்களில் உளுந்தூர்பேட்டை வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அவளிடம் வேலை கற்க வரும் பெண்களுக்கு இந்தத் தையல் கதை தெரியாது. தெரிந்த பழைய ஆட்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் மட்டும் சிரிக்கமாட்டாள், எழுந்து உள்ளே போய்விடுவாள்.

நைனார்பாளையத்தில் களை எடுத்தும் கரும்பு வெட்டியும் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவள் சாலம்மாள். கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்து ஊர்க்காரனான சின்னதுரைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் பட்டாளத்தில் சிப்பாய். மிலிட்டரி மாப்பிள்ளை என்றால் சும்மாவா? அவள் ஊரில் அதற்கே தனி மரியாதை. ஆனால் அந்த மரியாதையைக் கட்டிக்கொண்டு தனியாகப் படுத்திருந்தவள் அவள்தான். மாப்பிள்ளை வருஷத்துக்கு ஒரு தரம் வருவான், கறுப்பு டிரங்குப் பெட்டியும் பாட்டிலுமாக. ஊரே அவனைப் பார்க்க வரும். அந்தக் கும்பலில் அவள் முறை வருவதற்குள் லீவு முடிந்துவிடும்.

அப்புறம் ஜலந்தரில் ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைத்தது. கைக்குழந்தையான மகளோடு போனாள். அங்கே பக்கத்து குவார்ட்டர்ஸில் ஒரு பஞ்சாபிக்காரி இருந்தாள். அவள் புருஷனும் சிப்பாய்தான். சமையல்கட்டு ஓரத்தில் ஒரு நாற்காலியும் கண்ணாடியும் போட்டு, வருகிற பெண்களுக்குப் புருவம் திருத்துவாள், முகத்துக்குப் பூசிவிடுவாள், கல்யாணப் பெண்ணை ஜோடிப்பாள். பாஷை தெரியாத சாலம்மாள் முதலில் வேடிக்கைதான் பார்த்தாள். ஒருநாள் அந்தப் பெண் நூலை இவள் கையில் கொடுத்தாள். ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை விரலில் சுற்றி, நடுவில் முறுக்கி, அந்த முறுக்கை முடிமேல் ஓட்டவேண்டும். பிறந்ததிலிருந்து அதையே செய்தவள்போல் கை ஓடிற்று. கொஞ்ச நாளில் குவார்ட்டர்ஸ் பெண்கள், "மதராஸி பாபி எங்கே?" என்று அண்ணி முறை வைத்து அவளைத் தேடி வந்தார்கள். யாரோ ஒருவருடைய மகள், யாரோ ஒருவருடைய பெண்டாட்டி என்றே இருந்தவளுக்கு அது புதுசு. அவளுக்கு அது தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்புச் செய்தாள். லீவில் ஊருக்கு வந்தபோது, நாத்தனாரை வாசலில் உட்காரவைத்துப் புருவத்தில் நூல் ஓட்டினாள். மாமியார் தைலம்மாள் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது, மயிரு புடுங்கற வேலையா கத்துக்கினு வந்துகிற? அதுக்குத்தான் நம்ம ஊர்ல பச்சையம்மா வூடு இருக்குதே!"

பச்சையம்மாளின் புருஷன்தான் அந்த ஊருக்கு முடிவெட்டி சவரம் செய்கிறவன். பச்சையம்மாள் பிரசவம் பார்ப்பாள், கல்யாணப் பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்து மஞ்சள் பூசி அலங்கரிப்பாள். அவள் கை படாமல் அந்த ஊரில் ஒரு பிள்ளை பிறந்ததில்லை, ஒரு பெண் மணையில் உட்கார்ந்ததில்லை. ஆனால் அவள் வீடு ஊர்க் கடைசியில். சின்னப் பிள்ளைகள்கூட அவளைப் 'பச்சையம்மா, வா' என்று பேர் சொல்லித்தான் கூப்பிடும். அவள் எல்லோருக்கும் 'ங்க' போட்டுப் பேசுவாள். மற்றவர்கள் என்ன ஜமீன்தாரா? எல்லோரும் அன்றாடங்காய்ச்சிதான். குடிக்கக் கூழ் இல்லாவிட்டாலும் தனக்குக் கீழே ஒருத்தன் இருக்கிறான் என்கிற நினைப்பு மட்டும் வயிறு நிறைய இருக்கும். அந்த ஊர் மட்டும் இல்லை, நம் ஊர் எல்லாமே அப்படித்தான்.

சின்னதுரை அம்மாவை எதிர்த்துப் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "இனிமே அத செய்யாத, சாலா. மானம் பூடும்," என்றான். அவள் தலையாட்டினாள்.

அவனுக்கு அடுத்து ஃபீல்டு போஸ்டிங் வந்தது. எல்லைப்பக்கம், பனிமலை. அங்கே குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும் என்று சொல்லி சாலம்மாள் கள்ளக்குறிச்சியில் வீடு பிடித்தாள். பெண்ணின் படிப்பு ஒரு சாக்கு. அவளுக்கு அந்த நூலை விடமுடியவில்லை. புருஷனிடம் போனில், "சும்மா இருக்க முடியலங்க. ஒரு மிஷின் வாங்கித் தையல் பண்றேன்," என்றாள். அவனுக்கு ஏகப்பட்ட குஷி. தையல் கௌரவமான தொழில். வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம், யார் முகத்தையும் தொட வேண்டாம். பட்டாலியன் முழுக்க, "என் வீட்டுக்காரி டைலர்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அந்தப் பொய்க்குக் கைகால் வைத்துக் கொடுத்தவள் நூர்ஜகான். கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த பக்கீர் முகமதுவின் மருமகள். சாலம்மாளிடம் முதன்முதல் புருவம் திருத்திக்கொண்டவளும் அவள்தான்.

"யக்கா, எல்லாரும் கையில ஒரு ஜாக்கெட் துணிய எடுத்துக்கினு வந்துட்டா யாருக்கு இன்னா தெரியப் போவுது? தைக்கக் குடுக்க வந்த மாதிரியே இருக்கும்."

அப்படியே நடந்தது. திரைக்கு முன்னால் மிஷின், திரைக்குப் பின்னால் நாற்காலி. வருகிறவள் ஒரு ரவிக்கைத் துணியோடு வருவாள், புருவம் வில்லாக வளைய, அதே துணியோடு திரும்பிப் போவாள். அந்தத் தெருவில் ஒரு பச்சைத் துணி இருந்தது. அது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கைமாறி, மடிப்பு நைந்து, சாலம்மாள் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டே இருந்தது. கடைசிவரை அது ரவிக்கை ஆகவே இல்லை. ஆண்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண்டாட்டியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறவனுக்கல்லவா புருவம் மாறினது தெரியும்!

சின்னதுரை லீவில் வரும்போது மட்டும் சாலம்மாள் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். "ஆளு வராரு, அவரு போற வரைக்கும் யாரும் வராதீங்க." கண்ணாடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். பவுடரும் கிரீமும் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்விடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அவள் வருஷாவருஷம் அதைச் செய்தாள். தெரிந்தால் தொழில் போய்விடும் என்கிற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரியது, தான் செய்வது கேவலமான வேலைதான் என்று அவளுக்கே உள்ளுக்குள் இருந்த எண்ணம். தன் கையைப் பற்றி மாமியார் நினைத்ததையேதான் அவளும் நினைத்தாள்.

அந்த வைகாசியில் சின்னதுரை லீவில் இருந்தபோது ஒருநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. அவன்தான் திறந்தான். வாசலில் பச்சையம்மாள் நின்றாள். ஒரு கையில் மலையிலிருந்து இறங்கிய பலாப்பழம், இன்னொரு கையில் ஒரு துணிப்பை. பின்னால் அவள் மகள் அஞ்சலை.

"வா, பச்சையம்மா. இன்னா இவ்ளோ தூரம்?"

"பாப்பாவுக்கு வர்ற வெள்ளிக்கெழம கல்யாணங்க, ஐயா. அதான் அம்மாவப் பாத்துட்டு…"

அவள் எதற்கு வந்தாள் என்று சாலம்மாளுக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் கல்யாணப் பெண்ணை ஜோடித்தவளுக்குத் தன் மகளை டவுன் பெண்களைப்போல் ஜோடித்துப் பார்க்க ஆசை. யாரோ வழி சொல்லியிருக்கிறார்கள். கையில் துணி இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பச்சையம்மாளிடம் வெறும் ரவிக்கைத் துணி ஏது? இருந்தது ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக்கொடுத்த முகூர்த்தப் பட்டிலிருந்து வெட்டிய அரக்குநிறத் துணி, ஜரிகைக் கரையோடு. தெரு வழக்கப்படி அதைத்தான் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

சின்னதுரை அந்தப் பையைப் பார்த்துவிட்டான். "ரவிக்கை தைக்கவா? குடு, குடு. கூலியெல்லாம் வாணாம், நம்ம ஊருப் பொண்ணு. சாலா, நல்லா தச்சுக் குடு."

பச்சையம்மாள் பையைக் கொடுக்கவில்லை. சாலம்மாளைப் பார்த்தாள். "அம்மாவுக்கு வேலை ஜாஸ்தியா இருக்குங்களே. நான் வேற எங்கனா பாத்துக்கறேங்க," என்றாள்.

இவள் தப்பிக்க வழி வைத்துத்தான் பச்சையம்மாள் பேசினாள். சாலம்மாள் ஒரு வார்த்தை, 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் புருஷன் பார்த்துக்கொண்டிருக்கிறான். தைக்கிறவள் எதற்குத் துணியைத் திருப்பி அனுப்புகிறாள் என்று அவன் கேட்டால்?

"குடுத்துட்டுப் போ, பச்சையம்மா. தச்சு வெக்கறேன்."

அஞ்சலை அம்மாவின் முந்தானையை இழுத்தாள். பச்சையம்மாள் பையைக் கொடுத்துவிட்டு, அப்படியே ஒரு டைலர் கடைக்கும் போகலாம் என்று மகள் கட்டைப்பையில் வைத்திருந்த பழைய அளவு ரவிக்கையையும் எடுத்துக் கொடுத்தாள். பலாப்பழத்தை வாசலில் வைத்துவிட்டு இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள்.

கடைவீதியில் ஷேக் மைதீன் பாயிடம் கொடுத்தால் ஒரே நாளில் தைத்துவிடுவார். சாலம்மாள் அப்படித்தான் கணக்குப் போட்டாள். காய்கறி வாங்கக் கிளம்பினாள். சின்னதுரை செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தான். மறுநாள் பள்ளிக்கூடம் என்றாள், அதற்கும் வந்தான். லீவில் இருக்கிற மனுஷனுக்கு வேறு என்ன வேலை? மூன்றாம் நாள் அவனே ஒரு ஸ்டூலை மிஷினுக்கு எதிரில் இழுத்துப் போட்டு, டீ டம்ளரோடு உட்கார்ந்துவிட்டான்.

"அந்தப் பொண்ணு ரவிக்கைய இன்னிக்கித் தைய்யி. நீ தைக்கறத நான் பாத்ததே இல்ல. எங்க ஆளுங்ககிட்ட எப்புடியெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன் தெரியுமா?"

அவன் முகமெல்லாம் பெருமை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துணியை விரித்து, பழைய ரவிக்கையை மேலே வைத்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டாள். மைதீன் பாய் துணியை மடிப்பதைப் பார்த்திருக்கிறாள். எத்தனை மடிப்பு, எந்தப் பக்கம் என்பதைப் பார்த்ததில்லை. கத்திரியை வைத்தாள். பட்டு சரசரவென்று வெட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தால், கைக்கு வரவேண்டிய ஜரிகைக் கரை முதுகுத் துண்டில் குறுக்கே இரண்டாகக் கிடந்தது. கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை.

சின்னதுரைக்குத் தையல் தெரியாது. ஆனாலும் அது ரவிக்கை இல்லை என்று தெரிந்தது.

"இன்னா சாலா இது?"

சாலம்மாள் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அரிசி டிரம்மை நகர்த்திக் காட்டினாள். கண்ணாடியைத் திருப்பினாள். நூர்ஜகான் சொன்ன யோசனையை, தெருவில் சுற்றும் பச்சைத் துணியை, எதையும் மறைக்கவில்லை. அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அல்லது பலகையைக் கழற்றி எறிவான். அவன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கத்திரியைக் கையில் எடுத்தான்.

"எங்க போஸ்ட்டுக்குப் பனிக்காலத்துல பார்பர் ஏற முடியாது," என்றான். "யாராவது ஒருத்தன் வெட்டணும். முடி வெட்டற மெஷினையும் கத்திரியையும் எங்கிட்ட குடுத்துட்டாங்க. ரெண்டு வருஷமா எங்க ஆளுங்க அத்தினி பேருக்கும் நான்தான் முடி வெட்டறேன். நல்லா வெட்றேன்னு சுபேதார் சாப் கூட எங்கிட்டத்தான் உக்காருவாரு."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"உங்கிட்ட எப்புடி சொல்றது? ஒருத்தன் போட்டோ எடுக்க வந்தான். ஊருக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு மூஞ்சிய மூடிக்கினேன்."

வேறொரு வீடாக இருந்தால் அப்போது இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். இவர்களால் சிரிக்க முடியவில்லை. நடுவில் அந்தப் பட்டு கிடந்தது. இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டதற்கு, அந்த வேலையையே பிறப்பிலிருந்து செய்கிற வீட்டுப் பெண்ணின் முகூர்த்தத் துணி பாழாயிற்று. அவனால் அதைத் தொடக்கூட முடியவில்லை. அவள்தான் வாரி எடுத்தாள்.

துண்டுகளைத் தூக்கிக்கொண்டு ஷேக் மைதீனிடம் ஓடினார்கள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "யாரும்மா வெட்டுனது இத? ஒட்டுப் போடக்கூட துணி இல்லியே." கடைவீதி முழுக்க அலைந்து, கொஞ்சம் சிவப்பு கூடின ஒரு அரக்குத் துணி வாங்கினார்கள். அதே நிறம் என்று கடைக்காரன் சத்தியம் செய்தான். வெயிலில் கொண்டுவந்து பார்த்தால் இல்லை. வேறு வழியில்லாமல் பாய் அதைத் தைத்துக் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் ஊருக்குப் போனார்கள். பஸ்ஸில் வரும்போதே சாலம்மாள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மேக்கப் பெட்டியைப் பைக்குள் மறைக்காமல் கையில் தொங்கவிட்டுக்கொண்டாள். பந்தலில் எல்லோரும் பார்க்க அஞ்சலையை உட்காரவைத்து நூல் ஓட்டவேண்டும். இதுதான் என் தொழில் என்று மாமியார் எதிரிலேயே சொல்லவேண்டும். சின்னதுரையிடம் கேட்டாள். அவனும், "சரி" என்றான்.

ஊர்க் கடைசியில் பச்சையம்மாள் வீட்டு முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல். ஊர்த் தெருக்காரர்கள் ஒரு ஓரமாக நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் கை நனைக்கமாட்டார்கள். மொய் எழுதிவிட்டு, பாட்டில் கலர் குடித்துவிட்டு, தேங்காய் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். அவர்கள் நடுவில் தைலம்மாளும் இருந்தாள். சின்னதுரைக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள், கையில் ஒரு கலர் வந்தது.

பச்சையம்மாள் சாலம்மாளை உள்ளே அழைத்துப் போனாள். ரவிக்கையை வாங்கிப் பிரித்தாள். மூலையில் மடித்து வைத்திருந்த பட்டுப்புடவைமேல் வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் வைத்ததும் நிறம் பல்லை இளித்தது. அஞ்சலை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நல்லாத்தாங்க இருக்குது," என்றாள் பச்சையம்மாள்.

"நான் துணிய பாழ் பண்ணிட்டேன், அக்கா. எனக்குத் தைக்கத் தெரியாது." அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"தெரியுங்க. அன்னிக்கே தெரியும். துணி சும்மா பேருக்குன்னுதானே சொல்லி அனுப்புனாங்க."

"தெரிஞ்சுமா குடுத்துட்டுப் போனீங்க?"

"ஐயா எதிர்ல உங்கள எப்புடிங்க விட்டுக் குடுக்கறது? யார்கிட்டனா குடுத்துத் தச்சிடுவீங்கன்னு நெனச்சேன்." ரவிக்கையைத் திரும்ப மடித்தாள். "பரவால்லங்க. சம்பந்தி வூட்ல கேட்டா எலி கடிச்சிடுச்சின்னு சொல்லிக்கறேன். எங்க வூட்ல எலி ஜாஸ்திதான்."

சாலம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "அஞ்சலைய வெளிய கூட்டிக்கினு வாங்க. பந்தல்ல வெச்சுப் பண்றேன். எல்லாரும் பாக்கட்டும்," என்றாள்.

பச்சையம்மாள் பதறிப்போனாள். "அய்யய்யோ, வாணாம்மா. உங்க மாமியாரு உக்காந்துகிறாங்க. ஊரே உக்காந்துகிது. எங்களுக்கு இன்னா, பழகிப்போச்சி. அப்பால உங்களுக்குத்தான் அசிங்கமா பூடும்." சொல்லிக்கொண்டே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

சாலம்மாள் போய் அந்தத் தாழ்ப்பாளைத் திறந்திருக்கலாம். கை எட்டுகிற தூரம்தான். திறக்கவில்லை. கதவு சாத்தின அந்த நொடியில் அவளுக்கு வந்தது கோபம் இல்லை, வருத்தம் இல்லை. நிம்மதி. 'அப்பாடா' என்று இருந்தது. அப்படி இருந்தது என்று தெரிந்தபோது, உடம்பெல்லாம் கூசியது.

அஞ்சலை பாயில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினாள். சாலம்மாள் நூலைப் பல்லில் கடித்து முறுக்கினாள். வெளியே தைலம்மாளின் குரல் கேட்டது.

"உம் பொண்டாட்டி உள்ள இன்னாடா பண்ணிக்கினு இருக்கா இவ்ளோ நேரம்?"

சாலம்மாளின் கை நின்றது. சின்னதுரை என்ன சொல்லப்போகிறான் என்று அறையில் இருந்த மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"ரவிக்கை சரியா இருக்குதான்னு போட்டுப் பாக்கறா, ம்மா. சாலா தச்சதுதான்," என்றான் சின்னதுரை.

"ஐயா நல்லவருங்க," என்றாள் பச்சையம்மாள் மெதுவாக. கிண்டலாகச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னாள். சாலம்மாள் குனிந்து, அஞ்சலையின் கண்ணைப் பார்க்காமல் புருவத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நூலை ஓட்டினாள்.